பதினொன்று எண்ணும் வரை

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள உனக்கு,

போன் வேண்டாம், சொல்ல வேண்டியதை எழுதுங்கள் என்று பஸ் கிளம்பும்போது சொன்னாய். சரி என்று உட்கார்ந்தால் வீட்டில் பேனா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அரை மணி நேரம் தேடி, உன் தையல் மெஷின் இழுப்பறையில், துணியில் கோடு போடும் சாக்பீஸுக்கு அடியில் கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு நாலு கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு இதுதான். இருபத்திரண்டு வருஷம். கை வலிக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். நன்றாக இல்லை. கடையில் வேலை முதுகை ஒடிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடந்திருக்கிறது போல. காலையிலிருந்து மூக்குக்கண்ணாடிச் சில்லுகளைச் சட்டத்துக்குத் தகுந்தமாதிரி தேய்த்துத் தேய்த்து, சாயங்காலம் என் கண்ணே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் மெஷின் சத்தம் இல்லை. நான் தேநீர் போட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. குடித்துவிடுகிறேன்.

மாடி வீட்டு நர்ஸம்மா படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "அவங்க கை எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். "தேவலைங்க" என்கிறேன். தேவலையா இல்லையா என்று எனக்கு எங்கே தெரியும்? தையல் பிரித்தாயிற்றா? எழுது.

நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளி நறுக்கப் போய் இப்படி ஆகிவிட்டது. உன் கத்தி தொட்டியில் கழுவாமல் கிடந்தது, அவசரத்துக்கு என்னுடையதை எடுத்தாய். எடுத்தது தப்பில்லை. கை எட்டும் இடத்தில் அதை வைத்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். உன் சத்தம் கேட்டதுமே உடனே ஓடி வந்தேன், உனக்கே தெரியும். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? அதற்காக வீட்டை விட்டுப் போகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை.

உன் தங்கையையும் சகலையையும் கேட்டதாகச் சொல்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 11, புதன்

ஏங்க,

கடிதம் வந்தது. தங்கைதான் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தான் கையெழுத்து இவ்வளவு அழகாக்கா?" என்றாள். கையெழுத்துக்கு என்ன குறைச்சல்.

"உடனே ஓடி வந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடி வந்தது நிஜம். யாரிடம் ஓடி வந்தீர்கள்?

நீங்கள் மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நான் தொட்டி ஓரமாகச் சாய்ந்து, இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரத்தம் முழங்கை வழியாகத் தரையில் சொட்டுகிறது. நீங்கள் வந்தீர்கள். குனிந்தீர்கள். கீழே கிடந்த கத்தியை எடுத்தீர்கள். குழாயைத் திறந்து அதைக் கழுவினீர்கள். தோளில் இருந்த துண்டை எடுத்து இந்தப் பக்கம் துடைத்தீர்கள், திருப்பி அந்தப் பக்கம் துடைத்தீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தேன். ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொன்று வந்தபோதுதான் என் பக்கம் திரும்பி, "ஐயையோ" என்றீர்கள். அப்புறம் அந்தத் துண்டையே என் கையில் சுற்றினீர்கள். கத்தியைத் துடைத்த துண்டு.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இருபத்திரண்டு வருஷத்தில் நான் என்னதான் பார்க்கவில்லை. கூர் பார்க்கிறேன் என்று இடது கை முடியை எல்லாம் மழித்து வைத்திருப்பீர்கள். விசேஷ வீட்டில் எல்லாரும் உங்கள் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அவருக்குத் தோல் வியாதியா?" என்று காதோடு கேட்பார்கள். செய்தித்தாள் வந்தால் நான் படிக்கும் முன்பே நாடா நாடாவாகக் கிடக்கும். பாதிச் செய்தி ஒரு நாடாவில், மீதி இன்னொரு நாடாவில். குளிக்கப் போனால் பக்கெட்டில் தீட்டுக்கல் ஊறிக்கொண்டிருக்கும். அதை எடுத்து வெளியே வைத்தால், "இன்னும் பத்து நிமிஷம் ஊறணும்" என்று கதவுக்கு வெளியே நிற்பீர்கள். தங்கை வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, வந்த வீட்டில் சும்மா இருக்காமல் சமையலறைக்குப் போய் அவர்கள் கத்தியை எல்லாம் தடவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். என் மானமே போயிற்று.

அதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் என் கத்தரிக்கோலைத் தீட்டித் தரச் சொல்லிப் பத்து நாள் கேட்டேன். பள்ளிச் சீருடைத் துணி மலைமாதிரி குவிந்திருந்தது. கத்தரிக்கோல் துணியை வெட்டவில்லை, மென்றது. "நாளைக்கு." மறுநாள் கேட்டால், "நாளைக்கு." ஊர் பேர் தெரியாதவன் எவனோ தபாலில் கத்தி அனுப்பினால் அன்றைக்கே உட்கார்ந்து தீட்டித் திருப்பி அனுப்புவீர்கள்.

கை பற்றிக் கேட்டீர்கள். தையல் ஆறும் பிரித்தாயிற்று. டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசியால் விரல் நுனியில் குத்தினார். "குத்தினா சொல்லுங்கம்மா" என்றார். நான் காத்திருந்தேன். "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டேன். "நாலு தடவை குத்திட்டேன்" என்றார். நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறதாம். உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம், மூன்று மாதம் பார்க்க வேண்டுமாம். துணியை மெஷினுக்குள் தள்ளி விடுவது இடது கை ஆள்காட்டி விரல்தான். அது உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சீருடை வேலையை அடுத்த தெருத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான்


மார்ச் 16, திங்கள்

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஊசி குத்திய இடத்துக்கு மேல் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

நான் துடைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்ல விடு. அந்தக் கத்தி எவர்சில்வர் இல்லை. ஈரம் பட்டால் துரு ஏறும் எஃகு. ரத்தம் பட்டு ஐந்து நிமிஷம் விட்டால் கறை பிடித்துவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. இத்தனை வருஷத்தில் என் கைக்கு அது பழகிவிட்டது. ஈரக் கத்தியைக் கண்டால் கை தானாகப் போகும். அடுப்பில் பால் பொங்கினால் உன் கை போவதில்லையா? அப்படித்தான். அதற்கு மனசோடு சம்பந்தமில்லை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் இது நீ கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். பூசி மெழுகினேன் என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சனியன் உங்களுக்கு எங்கிருந்துதான் பிடித்தது என்று அடிக்கடி கேட்பாய். நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கடையில் ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி தேய்க்கிறேன். ஒருத்தராவது என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதுண்டா? மாட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பார்கள், "டாக்டர் கரெக்டா எழுதியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சரியில்லை என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கத்தியைக் கல்லில் வைத்து இழுத்தால், முதலில் கரகர என்று இருக்கும். இருபது இழுப்பு, முப்பது இழுப்பு. திடீரென்று சத்தம் மாறும். பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம். அப்போது நிறுத்திவிட்டுக் காகிதத்தை வைத்தால் கத்தியின் எடையிலேயே அது இரண்டாகப் போகும். முடிந்தது. முடிந்தது என்று எனக்கே தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம். என் நாளில் முடிகிற வேலை அது ஒன்றுதான்.

அவ்வளவுதான் காரணம். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இப்போது கத்தியைத் தொட மனசில்லை. கல் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. பக்கெட் காலி, தாராளமாகக் குளிக்கலாம். ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் கத்திக் குழுவில் பேக்கரி வைத்திருக்கிறாரே ஒருவர், அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தொரு கத்தியையும் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். ஒன்றுகூட மிச்சம் வைக்கப் போவதில்லை. அதற்குப் பிறகாவது நீ வருவாயா?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19, வியாழன்

ஏங்க,

இது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று தங்கை மாப்பிள்ளையிடம் கொடுத்துக் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

முதலில், அந்த நாடகம் வேண்டாம். முப்பத்தொன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து காய்ந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம், "பாவம், அவளுக்காக எல்லாத்தையும் விட்டுட்டார்" என்பார்கள். நீங்கள் தியாகி, நான் ராட்சசி. அந்த வேலையே வேண்டாம். நான் கத்தியைக் கொடுத்துவிடச் சொல்லவே இல்லை. நான் கேட்டது ஒரு கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இந்த வீட்டுக் கத்தியில் தக்காளி வெட்ட முடியவில்லை. அழுத்தினால் உள்ளே போகாமல் நசுங்கி முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. தங்கை அதையே வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனதும், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துவைத்து, அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் வைத்துத் தேய்த்தேன். நீங்கள் ஒருமுறை செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கை சரியில்லாததால் கோப்பையை ஈரத்துணி மேல் வைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன அந்தச் சத்தம், அது மாறியது. எனக்கும் கேட்டது. சாயங்காலம் தங்கை தக்காளியில் கத்தியை வைத்துவிட்டு, "அக்கா, இது நம்ம கத்தியா?" என்று கூவினாள். எனக்கு ஒரே பெருமை. உடனே உங்கள் மேல் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

கடிதத்தை இதோடு முடித்திருப்பேன். அந்தக் கத்தியால்தான் வினை வந்தது. நேற்று தங்கை மாப்பிள்ளை கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு, "சகலை என்னையும் அந்தக் குழுவுல சேர்த்துவிட்டாரு, நான்தான் திறந்தே பார்க்கலை" என்று போனை எடுத்தார். மேலே தள்ளித் தள்ளிப் போனார். அப்புறம் திடீரென்று போனை மறைக்கப் பார்த்தார். நான் வாங்கிப் பார்த்தேன்.

பிப்ரவரி 24. இரவு ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். "முனை இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டது. மறுபடி முனை எடுக்க வழி உண்டா?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நான் எங்கே இருந்தேன்? ஆஸ்பத்திரியில், கதவுக்கு அந்தப் பக்கம். எனக்கு ஆறு தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கத்திக்கு வைத்தியம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எப்படிப்பா உடைஞ்சுது?" என்று யாரோ கேட்டிருக்கிறார். "கீழே விழுந்துடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கீழே விழுந்துதான் உடைந்தது என்று நினைக்கிறீர்களா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

நான்


மார்ச் 24, செவ்வாய்

அன்புள்ள உனக்கு,

கீழே விழுந்து உடையவில்லை.

உடைந்த முனை உன் பொத்தான் டப்பாவின் மூடி இடுக்கில் சிக்கியிருந்தது. மறுநாள் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது குறட்டால் பிடுங்கி எடுத்தேன். தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். டப்பாவை ஸ்பூன் காம்பால் ஒரு நெம்பு நெம்பினேன், திறந்துகொண்டது.

அன்றைக்கே தெரியும். துடைக்கும்போதே தெரியும். முனை இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேடைமேல் டப்பா இருக்கிறது. நர்ஸம்மா கேட்டதற்கு நீ தக்காளி என்றாய். டாக்டரிடமும் தக்காளி என்றாய். நானும் தக்காளி என்றேன். வீட்டில் அன்று தக்காளியே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அதை எழுதியது நான்தான். உள்ளே உன் சத்தம் கேட்கிறது. யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும்போல இருந்தது. விரலைப் பற்றி யாரிடம் கேட்பேன், என்னவென்று கேட்பேன்? எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

பேக்கரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 30, திங்கள்

ஏங்க,

ஐந்து வாரமாக அந்தத் தக்காளியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். உங்களுக்குத் தெரியும் என்றால் அன்றைக்கே, "ஏண்டி பொய் சொல்றே?" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! நீங்களும் தக்காளி என்று தலையாட்டியதும் நான் நம்பிவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். நம்பிய மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது?

சரி, சொல்கிறேன்.

அன்று சீருடைச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் வைக்க வேண்டியிருந்தது. டப்பா மூடி பிடித்துக்கொண்டது. ஸ்பூன் பக்கத்திலேயே இருந்தது. என் கத்தியும் இருந்தது, தொட்டியிலெல்லாம் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கத்தரிக்கோல் இன்னொரு துணியை மென்று வைத்திருந்தது. உங்களிடம் வந்து நின்றேன், நினைவிருக்கிறதா? நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கத்தியைத் துணியால் தடவிக்கொண்டே, "நாளைக்கு" என்றீர்கள். அப்புறம் அதை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். கை எட்டும் இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. நான்தான் முக்காலி போட்டு ஏறி எடுத்தேன்.

அதன் முனை வளைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உடையும் என்று நினைக்கவில்லை, கொஞ்சம் வளைந்தால் போதும். நீங்கள் வந்து பார்த்து முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒருமுறையாவது நானும் நீங்கள் தொட்டுப் பார்க்கிற பொருளாக... அடச்சே, எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. மூடி இடுக்கில் விட்டு நெம்பினேன். டப்பென்றது. அப்புறம் என் விரல்.

என் கோபத்துக்கு என் விரலே போயிற்று. யாரைக் குறை சொல்ல?

ஆனாலும் பதினொன்று பதினொன்றுதான். நான் செய்தது தப்பு, அதற்காக நீங்கள் செய்தது சரியாகிவிடாது. கழுவுவதும் துடைப்பதும் நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நான் கோப்பையில் தேய்த்த கத்தியைத் துடைத்துப் பார்த்தே சொல்கிறேன். மீதி நேரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது என்ன நினைத்தீர்கள்? எஃகு, துரு, கை பழக்கம் என்று இன்னொரு பாடம் வேண்டாம். எனக்குக் கேட்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் வருகிறேனா இல்லையா என்று நானும் உண்மையைச் சொல்கிறேன்.

நேற்று தங்கை வீட்டு அடுப்பில் சூடான வாணலியை விரல் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். கொப்புளம்கூட வலிக்கவில்லை.

நான்


ஏப்ரல் 4, சனி

அன்புள்ள உனக்கு,

நாலு சரிதான். மீதி ஏழு.

மீதி ஏழும் உன் மேல் கோபம். முனையைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன், வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று புரிந்தது. ரத்தம் சொட்டுவது காதில் விழுந்தது. காதில் விழுந்தும் திரும்பவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன் என்று தெரியாது. நீ எண்ணியிருக்கிறாய், உன் கணக்கே சரியாக இருக்கும். கைப் பழக்கம் என்று எழுதினேனே, அது பாதி உண்மை. இந்த மீதியை மறைக்கத்தான் பாதியை எழுதினேன்.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. இனி உன்னை வா என்று கேட்க எனக்கு முகமில்லை.

கத்தரிக்கோல் விஷயமும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. எனக்குக் கத்தரிக்கோல் தீட்டத் தெரியாது. கத்தி என்றால் ஒற்றை வாய். கத்தரிக்கோலில் இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரச வேண்டும், கோணம் கொஞ்சம் பிசகினாலும் துணியை மெல்லும். பல வருஷத்துக்கு முன் உன் பழைய கத்தரிக்கோல் ஒன்று "தொலைந்து" போயிற்றே, அது தொலையவில்லை. நான் தீட்டிப் பாழாக்கி, கடைக்கு எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன். முப்பத்தொரு கத்தி வைத்திருக்கிறவன், குழுவில் எல்லாரும் அண்ணே அண்ணே என்று யோசனை கேட்கிறவன், பெண்டாட்டியிடம் போய் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? அதனால் நாளைக்கு, நாளைக்கு. பத்து நாள். ஒரு நிமிஷம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீ முக்காலியில் ஏறியிருக்க மாட்டாய். விரல் நன்றாக இருந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கத்தியை நினைத்து இல்லை.

நேற்று மதியம் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பின்னால் போனேன். சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். ஐந்தே நிமிஷம். தீட்டித் தந்துவிட்டு என் கையைப் பார்த்தார். "என்ன சார், கையில முடியே இல்லை, நீங்களும் தீட்டுவீங்களா?" என்றார். "கத்தி மட்டும்தான்" என்றேன். "கத்தி யாரு வேணா தீட்டலாம் சார்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் துணித் துண்டு ஒன்றில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஓட்டம். மெஷின்மேல் வைத்திருக்கிறேன்.

முனை போன கத்தியை ஒன்றும் செய்யவில்லை. அப்படியே இருக்கிறது.

கொப்புளத்துக்கு என்ன போட்டாய்? நர்ஸம்மாவிடம் கேட்டேன், உடைக்கக் கூடாதாம், சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டுமாம். இந்தக் கேள்வி எனக்குக் கேட்கத் தெரிந்தது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 10, வெள்ளி

ஏங்க,

"நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். தங்கை, "என்னக்கா, ஏதும் கெட்ட செய்தியா?" என்றாள். "இல்லை, இப்பதான் ஒழுங்கா எழுதியிருக்கார்" என்றேன். ஒரு நாள் முழுக்க அழுதேன். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒருத்தர் கெட்டுப்போக வேண்டும் என்று இன்னொருத்தர் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் கத்தியைப் பற்றி நினைத்தேன், நீங்கள் என்னைப் பற்றி நினைத்தீர்கள். உங்களுடையதுதான் பெரிது. ஆனால் கோபத்திலாவது என்னைத்தான் நினைத்திருக்கிறீர்கள். இத்தனை நாளும் அந்தப் பதினொன்றிலும் நீங்கள் துருவை நினைத்தீர்கள் என்றே இருந்தேன். இது அதைவிடத் தேவலை. எப்படித் தேவலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

கத்தரிக்கோல் கதையைத் தங்கை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. பழைய கத்தரிக்கோலுக்காக நான் வீடு முழுக்கக் கட்டிலைப் புரட்டித் தேடினேன். நீங்களும் கூடக் குனிந்து தேடினீர்களே, பாவி மனுஷா!

புதன்கிழமை மதியம் மூன்று மணி பஸ்ஸில் வருகிறேன். விரல் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி ஊசி குத்திப் பார்ப்பார்கள். வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடு விரலால் துணி தள்ளிப் பழகிக்கொண்டிருக்கிறேன். கோணலாகப் போகிறது, பரவாயில்லை. காய்கறி இனி நீங்கள்தான் நறுக்க வேண்டும், அடுப்புப் பக்கம் நான் போனால் நீங்களும் கூட நிற்க வேண்டும். அதற்கெல்லாம் "நாளைக்கு" கிடையாது.

அந்தக் கத்தியைச் சரிசெய்யாதீர்கள், நான் வந்த பிறகு என் எதிரில் உட்கார்ந்து செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கத்தில் இருக்கிறேன். அலுத்துப் போய்விட்டது, சண்டை போடவும் தெம்பில்லை, சும்மா உட்கார்ந்து அந்தச் சத்தத்தையாவது கேட்கிறேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வருவீர்கள் என்று தெரியும். நான் இறங்கியதும் வழக்கம்போலப் பாய்ந்து வந்து பெட்டியை வாங்காதீர்கள். பெட்டி கீழேயே இருக்கட்டும், யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். முதலில் என் கையைப் பாருங்கள்.

நான்